ஈர்ப்பு மையமா, பார மையமா?

‘கிறிஸ்தவத்தின் ஈர்ப்பு மையம் தெற்கே நகர்ந்துவிட்டது.’ பங்கு மடலில் இந்த வரி, மடு மாதா திருத்தலத்தின் திருவிழாக் காலப் பிரசங்கத்தில் இந்த வரி, மறைக்கல்விக்கு அச்சடித்துக் கொடுக்கும் தாளிலும் இதே வரி. சொல்ல வந்த செய்தி சரி. சொல்தான் பிழை: ஆங்கிலத்தின் ‘சென்டர் ஒவ் கிராவிட்டி’க்கு இங்கே ‘ஈர்ப்பு மையம்’ அல்ல, ‘பார மையம்’ என்றே எழுத வேண்டும்.

1910இல் உலகக் கிறிஸ்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஐரோப்பாவில் இருந்தார்கள். 2010இல் நான்கில் ஒரு பங்கினர்தான். சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆபிரிக்காவின் பங்கு அதே நூறு ஆண்டில் நூற்றுக்கு ஒன்றரையிலிருந்து ஏறக்குறைய 24 ஆகியது. செய்தி இவ்வளவுதான்.

மூலச்சொல் ஆர்க்கிமிடீசின் கிரேக்கத்திலிருந்து வருகிறது. அங்கே ‘பாரோஸ்’ என்றால் பாரம். இலத்தீனின் ‘கிராவிஸ்’ என்பதும் பாரமானது என்றே பொருள்படும். (ஒலியைப் பார்த்து நம் ‘பார’த்தோடு உறவு கொண்டாட வேண்டாம்; இவ்விரண்டுக்கும் உறவு வடமொழிக் ‘குரு’.) நியூட்டன் ஈர்ப்பு விசையை எழுதி வெளியிட்டது 1687இல். கோவாவிலிருந்து யோசேவ் வாஸ் அடிகளார் இலங்கைக்கு வந்த ஆண்டும் அதுதான். ஆக, ஈர்ப்பு இந்தச் சொல்லுக்குள் மிகப் பிந்திப் புகுந்த விருந்தாளி.

மடுவுக்கு மாட்டு வண்டி கட்டிப் போன தலைமுறைக்கு இதை விளக்கத் தேவையில்லை. முன்பாரம் கூடினால் மாட்டுக்குக் கழுத்து நோகும், பின்பாரம் கூடினால் நுகம் எழும்பும். இரண்டும் ஒத்து நிற்கும் இடம்தான் பார மையம்.

பௌதிகப் புத்தகத்தில் ‘ஈர்ப்பு மையம்’ இருந்துவிட்டுப் போகட்டும். சபையைப் பற்றிய கட்டுரையில் அதைப் போட்டால் வாசிப்பவர் கவர்ச்சி என்றுதான் எடுப்பார். சனம் இழுபட்டுப் போகும் இடம், இன்னொரு மடு என்று. உலகக் கிறிஸ்தவர் பரம்பலை வைத்து அந்த மையப் புள்ளியைக் கணித்தவர்கள், அதை மேற்கு ஆபிரிக்காவின் மாலி நாட்டில் வைத்திருக்கிறார்கள். மாலியோ முஸ்லிம்கள் மிகப் பெரும்பான்மையாக வாழும் நாடு. அங்கே எந்த ஈர்ப்பைத் தேடுவது? அது தராசின் நடுமுள் நிற்கும் புள்ளி. ‘தலைமையிடம் மாறியது’ என்று எழுதுவோரும் இருக்கிறார்கள். 2013இல் ஆர்ஜென்டீனாக்காரர் திருத்தந்தையானார். அவரும் உரோமையில்தான் இருந்தார்.

‘ஈர்ப்பு தனித்தமிழ், பாரம் வடசொல்’ என்பது அடுத்த வழக்கு. தனித்தமிழ்தான் வேண்டுமென்றால் ‘பொறை’ இருக்கிறது, ஆனால் இன்றைக்கு அது பொறுமை என்றே விளங்கும். ‘நிறை’ என்றால் நிறைவு என்று போய்விடும். கிளிநொச்சி நெல் ஆலையில் மூட்டை என்ன பாரம் என்றுதான் கேட்கிறார்கள். விளங்காத தூய்மையைவிட விளங்கும் வடசொல் மேல் என்பதே என் கட்சி.

அந்த வரியிலுள்ள ‘தெற்கு’ இன்னும் மோசம். வன்னியில் தெற்கு என்றால் எவருக்கும் கொழும்புப் பக்கம்தான். கிறிஸ்தவம் தெற்கே போகிறது என்றால் நீர்கொழும்புக்கா என்று கேட்பார்கள். ‘பூகோளத் தெற்கு’ என்று நீட்டினாலும் தேறாது: மெக்சிக்கோவும் பிலிப்பைன்சும் பூமத்திய ரேகைக்கு வடக்கே கிடந்தும் அந்தத் ‘தெற்கி’ல் சேர்த்தி, அவுஸ்திரேலியா தெற்கே கிடந்தும் சேர்த்தியில்லை. ஆபிரிக்கா, ஆசியா, இலத்தீன் அமெரிக்கா என்று பெயரைச் சொல்லி எழுத மொழிபெயர்ப்பாளருக்கு என்ன தடை?