பாக்கெட் – சிப்பம்

பால் பாக்கெட்டையும் பாக்கெட் என்கிறோம், சட்டைப் பையையும் பாக்கெட் என்கிறோம். ஆங்கிலத்தில் வேறு வேறான இரண்டு சொற்கள் நம் நாக்கில் ஒன்றாகிவிட்டன. கணினி வலையமைப்பில் வருவது பால் பாக்கெட்டின் உறவு. ‘பேக்’ என்றால் கட்டு, மூட்டை. ‘எட்’ சிறுமை காட்டும் விகுதி. ஆக, சிறு கட்டு. தரவைச் சிறு கட்டுகளாகப் பிரித்து அனுப்பும் முறையில், அந்தக் கட்டுக்கு இந்தப் பெயரை வைத்தவர் டொனால்டு டேவிஸ், பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில், 1960களின் நடுவில். அவருக்கு முன்பே அமெரிக்காவில் பால் பேரன் (Paul Baran) என்ற பொறியாளர் இதே யோசனைக்கு ‘மெசேஜ் பிளாக்’ என்று பெயர் வைத்திருந்தார். நல்லவேளை, அது நிலைக்கவில்லை.

ஏற்காடு லேடீஸ் சீட்டில் எடுத்த 3 எம்பி படத்தை மின்னஞ்சலில் அனுப்பினால் அது முழுசாகப் போவதில்லை, பாக்கெட் பாக்கெட்டாகப் பிரிந்து போகும். கணினிகளைக் கம்பியால் இணைக்கும் ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட்டுக்கு வழக்கமான உச்ச அளவு 1,500 பைட். பாக்கெட்டின் முன்னால் ஒட்டும் விவரக் குறிப்புக்குத் தலைப்பு என்று பெயர். முகவரி பார்த்து அனுப்பும் விதிமுறையான ஐபியின் தலைப்புக்கு 20, எதுவும் விடுபடாமல் பார்த்துக்கொள்ளும் விதிமுறையான டிசிபியின் தலைப்புக்கு 20 போனால் சரக்குக்கு மிஞ்சுவது 1,460. அந்தப் படம் 2,000 பாக்கெட்டுக்கு மேல் பிடிக்கும்.

டிசிபி கட்டுகளை எண்ணுவதில்லை, பைட்டுகளை எண்ணுகிறது. முதல் கட்டு 1இல் தொடங்கினால் அடுத்தது 1,461, அதற்கடுத்தது 2,921. இரண்டாவது கட்டு வழியில் தொலைந்தது என்று வையுங்கள். மூன்றாவதும் நான்காவதும் வந்து சேர்ந்தாலும், பெறும் கணினி ‘1,461 வரட்டும்’ என்றே திரும்பத் திரும்ப ஒப்புகை அனுப்பும். அதே ஒப்புகை கூடுதலாக மூன்று முறை வந்துவிட்டால், அனுப்பிய கணினி கெடு முடியும்வரை காத்திருக்காமல் தொலைந்ததை மறுபடி அனுப்பிவிடும்.

டிசிபிக்கு மாற்றான யுடிபி என்ற விதிமுறையில் வரிசை எண்ணும் இல்லை, ஒப்புகையும் இல்லை. 8 பைட் தலைப்பைப் போட்டு அனுப்புவதோடு சரி. வீடியோ அழைப்பில் தொலைந்த அரை அசையை அப்புறம் கொண்டுவந்து என்ன செய்வது?

தமிழில் பொட்டலம், பொதி, சிப்பம் மூன்றும் புழங்குகின்றன. பொட்டலம் என்றாலே காகிதத்தில் மடித்த பக்கோடாதான் நினைவுக்கு வருகிறது. பொதி நல்ல சொல்தான். ஆனால் அது மாட்டின் முதுகில் ஏறும் சுமை, அளவு அதில் இல்லை. என் ஓட்டு சிப்பத்துக்கு. சேலம் செவ்வாய்ப்பேட்டை வெல்ல மண்டியில் ஏலமே சிப்பக் கணக்கில்தான். ஒரு சிப்பம் 30 கிலோ. எவ்வளவு காய்ச்சினாலும் அளவு பார்த்துக் கட்டித்தான் மண்டிக்கு வரும். தோட்டக்கலைத் துறையும் பேக் ஹவுஸை ‘சிப்பம் கட்டும் அறை’ என்றே எழுதுகிறது.

கறாராகச் சொன்னால், ஐபி தலைப்பு ஏறிய பிறகுதான் அது சிப்பம். அதற்கு முன் டிசிபியிடம் இருக்கும்போது அதன் பெயர் செக்மென்ட். அதைத் துண்டம் எனலாம். பாக்கெட் லாஸுக்குச் சிப்ப இழப்பு, தரவைப் பாக்கெட்டுகளாகப் பிரித்து அனுப்பும் பாக்கெட் ஸ்விட்ச்சிங்குக்குச் சிப்ப நிலைமாற்றம். பால் மட்டும் பாக்கெட்டிலேயே இருக்கட்டும்.