நீர்ப்பேதிக்கும் சீதபேதிக்கும் ஒரே மாத்திரையா?

ஐப்பசி, கார்த்திகை மழையில் வாய்க்கால் பெருகி, குழாய்த் தண்ணீரில் சாக்கடை கலந்துவிட்டால் நாகை, திருவாரூர்ப் பக்கம் பலரும் முதலில் கேட்பது மெடிக்கல் ஷாப்பின் 'செட் மாத்திரை'. ஒரு ஆன்டிபயாடிக், கூடவே பேதியை நிறுத்த லோபரமைடு. எந்தப் பேதி என்று யாரும் கேட்பதில்லை.

குடலின் உட்சுவர் ஒற்றை வரிசைச் செல்கள்தான். அதன்மேல் சளிப்படலம், அதில் ஐஜிஏ எதிர்ப்பொருள். பாக்டீரியாக்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்து, சுவரை நெருங்கவிடாமல் மலத்தோடு அனுப்புவதே இதன் முக்கிய வேலை. (சீம்பாலில் இது ஏராளம். சேனை வைக்கிறோம் என்று அதைத் தள்ளிப்போடாதீர்கள்.) சுவருக்கு அடியில் உள்ள மேக்ரோபேஜ்கள் என்ற காவல் செல்கள், தப்பி வரும் கிருமியைச் சத்தமில்லாமல் விழுங்கும். கோடானுகோடி பாக்டீரியா குடியிருக்கும் இடத்தில் எடுத்ததற்கெல்லாம் அழற்சி கிளம்பினால் குடல் தாங்காது.

நீர்ப்பேதியைத் தரும் காலராக் கிருமி சுவரைத் துளைப்பதில்லை. அதன் நச்சு செல்லிலிருந்து குளோரைடை வெளியேற்றும். தண்ணீரும் பின்னாலேயே போகும். அரிசி கழுவிய தண்ணீர்போல் போகுமே தவிர, ரத்தம் இருக்காது. குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்து உள்ளே போகும் வழி கெடாததால்தான் ஓஆர்எஸ் என்ற உப்பு-சர்க்கரைக் கரைசல் பலிக்கிறது. 1 லிட்டர் பாக்கெட் என்றால் 1 லிட்டரில்தான் கரைக்க வேண்டும். ஒரு டம்ளரில் கரைத்தால் குழந்தைக்கு ரத்தத்தில் உப்பு ஏறிவிடும். ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்குத் துத்தநாகம் தினம் 20 மி.கி., 14 நாள். நாக்கு வறண்டு, சிறுநீர் குறைந்து, துவண்டால் உடனே ஆஸ்பத்திரி.

சீதபேதியைத் தரும் ஷிகெல்லாக் கிருமி அப்படியில்லை. நூறு கிருமிகூடப் போதும். சுவரில் வாசல்போல் உள்ள எம் செல் வழியே இறங்கி, தன்னை விழுங்கிய மேக்ரோபேஜையே வெடிக்கவைக்கும். அதன் அபாயக் குரல் கேட்டு நியூட்ரோபில்கள் என்ற வெள்ளணுக்கள் படையெடுத்து, செல்களின் இணைப்பை விலக்கிக்கொண்டு வரும். அந்த இடைவெளியில் இன்னும் கிருமி நுழையும். மலத்தில் சீதமும் ரத்தமும், லேப் சீட்டில் 'பஸ் செல்' (சீழ் செல்) என்றும் வருவது இதனால்தான். இதற்கு லோபரமைடு போட்டால் கிருமி உள்ளேயே தங்கும். பெருங்குடல் வீங்கவும் கூடும். இங்கே ஆன்டிபயாடிக் தேவை, ஆனால் எது என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

டைபாய்டு இன்னும் கள்ளத்தனம். விஐ என்ற உறையைப் போர்த்திக்கொண்டு காவலை ஏமாற்றி, மேக்ரோபேஜுக்குள்ளேயே வாழும். பேதியே இல்லாமல் காய்ச்சல் மட்டும் ஏறலாம். கவனிக்காவிட்டால் மூன்றாவது வாரத்தில் குடலில் ஓட்டை விழலாம். காய்ச்சல் மூன்று நாள் தாண்டினால் மருத்துவரைப் பாருங்கள். ரத்த கல்ச்சர் (ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) எடுப்பதானால் ஆன்டிபயாடிக்கின் முதல் வேளைக்கு முன்பே எடுக்க வேண்டும். செட் மாத்திரை போட்டுவிட்டு வந்தால் கிருமி இருந்தும் கல்ச்சரில் வளராமல் போகலாம்.