லெ செல்ஃப்: பாதியில் நின்ற ஒரு சொல்

பகல் பன்னிரண்டு தாண்டினால் பிரெஞ்சு அலுவலகங்களில் ஒரு கேள்வி காதில் விழும்: "ஓன் வா ஓ செல்ஃப்?" செல்ஃபுக்குப் போவோமா என்று அர்த்தம். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்கு ஏதோ ஆத்ம விசாரத்துக்குக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும். அப்படியெல்லாம் இல்லை, சாப்பிடத்தான் கூப்பிடுகிறார்கள்.

லெ செல்ஃப், ஆண்பால் பெயர்ச்சொல். சாப்பிட வந்தவர் தானே ட்ரே எடுத்து, வேண்டியதை அதில் வைத்து, கல்லாவில் காசு கொடுத்துவிட்டுப் போய் உட்காரும் சாப்பாட்டுக்கூடம். பிரெஞ்சில் இதற்குப் பன்மை எழுதும்போது கடைசியில் ஒரு 'ஸ்' சேர்ப்பார்கள், ஆனால் வாயால் சொல்ல மாட்டார்கள். ஆங்கிலப் பன்மையான 'செல்வ்ஸ்' அந்தப் பக்கமே வராது. வந்த சொல் வந்த இடத்து இலக்கணத்துக்குப் பணிந்துவிட்டது.

உள்ளே போனால் முதலில் ட்ரே அடுக்கு. பிரெஞ்சில் அதற்கு 'ப்லாத்தோ' என்று பேர். புவியியல் பாடத்தில் நாம் பீடபூமி என்று படித்த அதே சொல்தான். தட்டையாக இருப்பதெல்லாம் ப்லாத்தோ. அதைக் கம்பித் தடத்தில் வைத்துத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். கண்ணாடி அடுக்குகளில் துருவிய கேரட், மயோனைஸ் போட்ட அவித்த முட்டை, செலரிக் கிழங்குத் துருவல் எல்லாம் சின்னச் சின்னக் கிண்ணங்களில் காத்திருக்கும். இது 'ஆந்த்ரே', அதாவது தொடக்க உணவு. (அமெரிக்காவில் இதே சொல்லுக்கு முதன்மை உணவு என்று பொருளாகிவிட்டது. அங்கிருந்து பாரிஸ் போகிறவர்கள் இதில் குழம்புவார்கள்.) அப்புறம் சூடான பதார்த்தம். இங்கே மட்டும் கரண்டியோடு ஓர் ஆள் நின்று போட்டுத் தருவார், ஆக முழு செல்ஃபும் செல்ஃப் இல்லை. வெள்ளிக்கிழமையென்றால் பல இடங்களில் மீன் இருக்கும்; அன்று இறைச்சி தவிர்க்கும் கத்தோலிக்க வழக்கத்தின் மிச்சம். பிறகு சீஸ், தயிர், இனிப்பு, ரொட்டி, கல்லா.

அலுவலகக் கூடங்களில் விலைக்கணக்குக்கும் ஒரு சொல் உண்டு: 'பெரிஃபெரிக்'. நடுவில் இருப்பது சூடான பதார்த்தம், அதைச் சுற்றி வரும் தொடக்க உணவு, சீஸ், இனிப்பு எல்லாம் பெரிஃபெரிக். ஒரு பதார்த்தமும் இரண்டு பெரிஃபெரிக்கும் சேர்ந்தால் இன்ன விலை என்று எழுதிப் போட்டிருப்பார்கள். பாரிஸைச் சுற்றி ஓடும் 35 கிலோமீட்டர் வளையச் சாலைக்கும் அதே பெயர்தான். முதல்முறை அந்தப் பலகையைப் பார்த்தபோது, சாப்பாட்டுக்கும் சாலைக்கும் என்ன சம்பந்தம் என்று ட்ரேயோடு நின்று யோசித்தேன். பின்னால் வரிசை நீண்டது.

அலுவலகம், பள்ளிக்கூடம் தவிர, பேரங்காடி ஓரங்களில் குடும்பத்தோடு போகும் செல்ஃப்களும் உண்டு. 1971-இல் வட பிரான்ஸில் லீல் நகருக்குப் பக்கத்தில் தொடங்கிய ஃப்ளஞ்ச் அதில் பெயர் பெற்றது. பெயரே இரண்டு ஆங்கிலச் சொற்களின் ஒட்டு: ஃபாஸ்ட், லஞ்ச். விளம்பரத்தில் அதை 'ஃப்ளஞ்சே' என்று வினைச்சொல்லாகவே ஆக்கிவிட்டார்கள். காய்கறி மட்டும் எத்தனை தடவை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்பது அங்கே பிரசித்தம்.

சரி, சொல்லின் வேருக்கு வருவோம். முழு வடிவம் செல்ஃப்-சர்வீஸ், ஆங்கிலத்திலிருந்து இறங்கியது. 1916-இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் பிக்லி விக்லி என்ற மளிகைக்கடையைத் திறந்தார். கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் வழக்கத்தை விட்டுவிட்டு வாடிக்கையாளர் கையிலேயே கூடையைக் கொடுத்தார். பாரிஸில் குலே-துர்ப்பேன் நிறுவனம் 1948-இல் அப்படி ஒரு மளிகைக்கடை வைத்தது. பிரெஞ்சுக்காரர்கள் இதற்குச் சொந்தச் சொல்லும் வைத்திருக்கிறார்கள்: 'லிப்ர்-செர்வீஸ்'. ஆங்கிலம் 'நீயே' என்று சொல்லும் இடத்தில் பிரெஞ்சு 'உன் இஷ்டம்' என்கிறது. லிப்ர் என்றால் சுதந்திரம். இலவசம் என்று யாரும் ஏமாந்துவிட வேண்டாம். கடைக்கும் வாடகைச் சைக்கிளுக்கும் லிப்ர்-செர்வீஸ்தான் நிலைத்தது. சாப்பாட்டுக்கு மட்டும் செல்ஃப் அசையவில்லை. விளம்பரத்திலும் பணியிடத்திலும் பிரெஞ்சுதான் இருக்க வேண்டும் என்று 1994-இல் சட்டமே போட்ட நாடு அது!

சர்வீஸை வெட்டிவிட்டு செல்ஃபை மட்டும் வைத்துக்கொண்டது அவர்கள் மட்டும் செய்த காரியமும் இல்லை. நம்மூர் ஓட்டல் வாசலில் "செல்ஃபா, சர்வீஸா?" என்று கேட்கிறோமே, யோசித்துப் பாருங்கள். ஒரே தொடரை இரண்டாக வெட்டி, இரண்டு துண்டுகளையும் எதிர்ச்சொற்களாக்கிவிட்டோம். பிரெஞ்சுக்காரர்களால் இது முடியவில்லை.

தமிழில் என்ன சொல்லலாம்? பலகைகளில் 'சுயசேவை' இருக்கிறது. இரண்டு பாதியும் வடசொல், போதாததற்குக் கொங்குப் பக்கம் சேவை என்றால் தட்டில் வருவது இடியாப்பத்தின் தம்பி. 'தன்னுதவி' தன்னம்பிக்கைக் கூட்டத்துக்குப் போய்விடும். 'கையேந்தி பவன்' மக்களே கண்டெடுத்த அருமையான சொல், ஆனால் அது தள்ளுவண்டிக்கு எழுதி வைத்தாயிற்று. 'தட்டேந்தி'யில் பிச்சை வாடை. 'பஃபே' வேறு சங்கதி. அங்கே ஒரே விலை, வயிறு கொள்ளுமட்டும். செல்ஃபில் ட்ரேயில் இருப்பதை எண்ணித்தான் காசு.

தானியங்கி என்ற சொல் நமக்குப் பழகிவிட்டது. அதே அச்சில் 'தானெடுப்பு' வார்க்கலாம் என்பது என் கட்சி: தானெடுப்பு உணவகம். மெஸ்ஸிலிருந்து கேரியரில் வாங்கி வரும் 'எடுப்புச் சாப்பாடு' ஞாபகம் வந்து கொஞ்சம் இடிக்கும், ஆனால் முன்னால் 'தான்' இருப்பதால் சமாளித்துவிடலாம்.

இந்தச் சொல்லில் எனக்கு இன்னொரு பிடிப்பு உண்டு. பிரெஞ்சு செல்ஃபில் சாப்பிட்டு முடித்ததும் எழுந்து போய்விட முடியாது. பல கூடங்களில் அழுக்குத் தட்டு, தம்ளர், கசங்கிய காகிதம் எல்லாவற்றோடும் ட்ரேயைத் தூக்கிக்கொண்டு போய், சுவரோரம் ஊர்ந்துகொண்டிருக்கும் பட்டையில் வைத்துவிட்டு வர வேண்டும். தமிழில் சோறு எடுப்பதும் எடுப்புதான், இலை எடுப்பதும் எடுப்புதான். கல்யாணப் பந்தியில் விருந்தாளி தன் இலையைத் தொட்டாலே "விடுங்க விடுங்க" என்று நாலு பேர் ஓடி வருவார்கள். செல்ஃபில் யாரும் வருவதில்லை.