எர்மித்தாஜ்: சொல் விளக்கம்

ஆங்கிலம் வழியாக ‘ஹெர்மிடேஜ்’ என்று நமக்குப் பழகிய சொல்லைப் பிரெஞ்சுக்காரர்கள் எர்மித்தாஜ் என்பார்கள், எழுத்தில் நிற்கும் முதல் ஹகரம் அவர்கள் வாயில் ஒலிப்பதில்லை. வேர் கிரேக்கம். ‘எரேமோஸ்’ என்றால் ஆளற்றது, பாழ்வெளி. அங்கே தனியாகப் போய் இருக்கும் துறவி ‘எரேமித்தேஸ்’. அது லத்தீனுக்குப் போய், பழைய பிரெஞ்சில் ‘எர்மித்’ ஆகி, அவர் தங்கும் இடம் எர்மித்தாஜ் ஆனது.

இந்தச் சொல்லைத் தன் பெயரிலேயே வைத்திருக்கும் சின்ன ஊர் ஒன்று பிரான்சில் லியோன் நகருக்குத் தெற்கே, ரோன் ஆற்றின் இடக்கரையில் இருக்கிறது: தேன் லெர்மித்தாஜ். (கிட்டத்தட்ட ‘தேன்’ என்றுதான் காதில் விழும், ஆனால் நம் தேனுக்கும் அதற்கும் உறவில்லை; ரோமானியர் காலத்து ‘தெக்னா’ தேய்ந்து வந்த பெயர்.) எதிர்க்கரையில் தூர்னோன். இரண்டுக்கும் நடுவே பொறியாளர் மார்க் செகன் 1825இல் கட்டிய கம்பிவடத் தொங்குபாலம் இப்போது இல்லை, 1847இல் வந்த இன்னொரு பாலத்தில் இன்றும் நடந்து ஆற்றைக் கடக்கலாம்.

ஊருக்குப் பின்னால் தெற்குப் பார்த்த ஒரு குன்று. அதன் மேற்குப் பகுதி முழுக்கக் கருங்கல், உண்மையில் அது எதிர்க்கரை மலையின் துண்டு, ஆறு அறுத்துக்கொண்டு போனதில் இந்தப் பக்கம் தங்கிவிட்டது. பகல் முழுக்க வெயில் விழும், வடக்கிலிருந்து வரும் மிஸ்த்ரால் காற்றைக் குன்றே மறித்துக்கொள்ளும். சரிவு அவ்வளவு செங்குத்து என்பதால் கல் அடுக்கிச் சுவர் எழுப்பி மண்ணை நிறுத்தியிருக்கிறார்கள். இங்கே விளைவது ஒயின் திராட்சை: சிவப்பு ஒயினுக்கு சிரா வகை, வெள்ளைக்கு மார்சானும் ரூசானும். மொத்தத் தோட்டமும் 140 ஹெக்டேருக்குள்தான்.

தென் பிரான்சில் நடந்த ஆல்பிஜென்சியச் சிலுவைப்போரிலிருந்து 1224இல் திரும்பிய காஸ்பார் த ஸ்தெரிம்பேர் என்ற வீரர், சண்டை போதும் என்று இந்த உச்சியில் தனியே குடியேறித் திராட்சை வளர்த்தார் என்பது ஊர்வழக்கு. குன்றுக்கும் ஒயினுக்கும் அதனால்தான் இந்தப் பெயர் என்கிறார்கள். உச்சியில் ஒரு சிற்றாலயம் இன்றும் நிற்கிறது.

அப்புறம் சொல் குன்றை விட்டு இறங்கிவிட்டது. போர்தோ நகரத்து வணிகர்கள் தங்கள் மெலிந்த ஒயினில் இந்தக் குன்றின் ஒயினைக் கலந்து திடமாக்கினார்கள், அந்தக் கலப்புக்கு ‘எர்மித்தாஜே’ என்று ஒரு வினைச்சொல்லே பிறந்தது. ஆஸ்திரேலியாவில் சிரா திராட்சையையே ஹெர்மிடேஜ் என்று அழைத்தார்கள். தென்னாப்பிரிக்காவிலோ சான்சோ என்ற வேறொரு திராட்சைக்கு அந்தப் பெயர் விழுந்தது. 1925இல் அதைப் பினோ நுவார் என்ற இன்னொரு திராட்சையோடு மகரந்தம் சேர்த்துக் கலப்பினமாக உண்டாக்கிய புது வகைதான் பினோத்தாஜ். அந்தப் பெயரின் வாலில் தொங்குவது நம் துறவியின் வீடு.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘ஆசிரமம்’ என்று எழுதுவதை நான் ஏற்கமாட்டேன், இன்று அந்தச் சொல் குரு, சீடர், கூட்டம் என்று ஒரு நிறுவனத்தையே கண்முன் நிறுத்துகிறது. மடமும் அப்படித்தான். பட்டினப்பாலையில் வரும் ‘தவப்பள்ளி’ எனக்கு மிகவும் பிடித்த சொல், ஆனால் அங்கேயும் சடைமுடி முனிவர்கள் பலர் கூடி வேள்வி செய்கிறார்கள். எர்மித்தாஜின் உயிர் தனிமையில் இருக்கிறது. ஒருவர் மட்டும் முடங்கிக்கொள்ளும் சிறிய இடத்தைக் ‘குடில்’ சரியாகச் சொல்லிவிடுகிறது, ஆகவே துறவுக்குடில். பாழ்வெளி என்ற பழைய பொருள் இதில் விட்டுப்போவது எனக்கு வருத்தம்தான். ஒயினையும் ஊரையும் சொல்லும்போது மட்டும் பெயர்ச்சொல்லாக எர்மித்தாஜ் என்றே எழுதுங்கள், ஹகரமும் டகரமும் வேண்டாம்.