மேடைப்பெயர்: ஒரே பெயரில் இரண்டு பேர் பாடினால்?

பேச்சில் ‘ஸ்டேஜ் நேம்’ என்று சொல்லிவிட்டுப் போகிறோம். எழுத்தில் அதற்கு மேடைப்பெயர் என்ற சொல் இருக்கிறது. வீட்டில் வைத்தது இயற்பெயர். சுவரொட்டியிலும் இசைத்தட்டின் உறையிலும் அச்சாவது, ரசிகர்கள் கூப்பிடுவது மேடைப்பெயர். மேடு, மேடை இரண்டும் ஒரு வேரில் பிறந்தவை. தரையைவிட உயர்ந்த இடம் என்பதே பொருள். ‘மேடையில் வழங்கும் பெயர்’ என்று விரிகிற வேற்றுமைத் தொகை என்பதால் நடுவில் ‘ப்’ கட்டாயம் வரும். ‘மேடை பெயர்’ என்று ஒற்றில்லாமல் எழுதுவது பிழை.

பலரும் இந்த இடத்தில் புனைபெயர் என்று எழுதுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. புனைபெயர் எழுத்தாளருக்கு உரியதாக ஊன்றிவிட்ட சொல், ரா. கிருஷ்ணமூர்த்தி கல்கி ஆனது போல. அது வினைத்தொகை, அதனால்தான் அங்கே ஒற்று மிகாது. புனைந்துகொள்வது என்றால் ஆள் தானே ஆக்கிக்கொள்வது. இசைக்கலைஞரின் மேடைப்பெயர் பெரும்பாலும் அப்படி வருவதில்லை. குரு கூப்பிட்டது, தயாரிப்பாளர் ஒட்டியது, ஊர் சேர்ந்துகொண்டது என்று பிறர் கைபட்டே உருவாகிறது. பட்டப்பெயர் வேறு கணக்கு. ‘சங்கீத கலாநிதி’ பட்டத்தை எத்தனை பேர் வேண்டுமானாலும் ஒரே காலத்தில் வைத்திருக்கலாம், அதனால் யாருக்கும் குழப்பம் வராது. மேடைப்பெயரை இருவர் வைத்திருந்தால்தான் சிக்கல்.

அந்தச் சிக்கலை முன்கூட்டியே தவிர்த்ததற்குத் தமிழில் எல்லோரும் அறிந்த சான்று இளையராஜா. 1976-இல் ‘அன்னக்கிளி’ வந்தபோது, ராஜா என்ற பெயரில் ஏற்கெனவே ஏ. எம். ராஜா பாடகராகவும் இசையமைப்பாளராகவும் புகழோடு இருந்தார். திரைக்கதாசிரியர் பஞ்சு அருணாசலம் ‘இளைய’ என்ற ஒரு சொல்லை முன்னால் சேர்த்தார். அவ்வளவுதான். மூத்தவரின் பெயரும் கலங்கவில்லை, புதியவருக்கும் தனிப்பெயர் கிடைத்துவிட்டது.

எல்லோருக்கும் அப்படி அமையவில்லை. டி. ஆர். மகாலிங்கம் என்று சொன்னதும் ஒருவருக்கு ‘ஸ்ரீவள்ளி’யில் நடித்துப் பாடியவர் நினைவுக்கு வருவார், இன்னொருவருக்குப் புல்லாங்குழல் கேட்கும். இரண்டு பேருமே டி. ஆர். மகாலிங்கம்தான். நடிகர் தென்கரை ராமகிருஷ்ணன் மகாலிங்கம். குழல் வித்துவான் திருவிடைமருதூர் ராமசாமி மகாலிங்கம். ஊரின் முதலெழுத்து, தந்தையின் முதலெழுத்து, பெயர் என மூன்றும் ஒத்துப்போயின. வயதிலும் பெரிய இடைவெளி இல்லை. இருவரும் 1920-களில் பிறந்தவர்கள், ஒரே காலத்தில் கோலோச்சியவர்கள். ஊரை முழுதாகச் சொல்லியிருந்தால் பிரச்சினையே இல்லை. முதலெழுத்தாகச் சுருக்கியதில்தான் அடையாளம் கரைந்தது. குழல் வித்துவானைக் காப்பாற்றியது ‘மாலி’ என்ற சின்னப் பெயர். கருநாடக இசையில் குழலுக்கு விரலிடும் முறையையே மாற்றியவரை இரண்டே எழுத்தில் அடையாளம் காட்டிவிடுகிறது அது. மேடைப்பெயர் எதற்காக இருக்கிறது என்று யாராவது கேட்டால் நான் இந்தப் பெயரைத்தான் காட்டுவேன்.

ஊரைச் சுருக்காமல் வைத்ததால் பிழைத்த பெயர்களும் உண்டு. மதுரை மணி ஐயர் பாடகர், பாலக்காடு மணி ஐயர் மிருதங்க வித்துவான். இருவரும் 1912-இல் பிறந்தவர்கள். ‘மணி ஐயர் கச்சேரி’ என்று மட்டும் எழுதினால் எந்த மணி ஐயர் என்று கேட்டே ஆகவேண்டும். சங்கப் புலவர் பெயர்களிலும் இதே வழிதான்: மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார், ஈழத்துப் பூதந்தேவனார் என்று ஊரும் உறவும் முன்னால் நின்று ஆளைப் பிரித்துக் காட்டும்.

கடல் கடந்தால், இந்தக் கதையில் மிகச் சிக்கலான முடிச்சு, அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்த புளூஸ் இசையில் இருக்கிறது. சன்னி பாய் வில்லியம்சன் என்ற பெயரில் இரண்டு ஹார்மோனிகா (மவுத் ஆர்கன்) கலைஞர்கள். முதலாமவர் ஜான் லீ வில்லியம்சன், 1914-இல் டென்னசியில் பிறந்தவர். 1937 முதல் இசைத்தட்டுகள் வெளியிட்டு, பக்கவாத்தியமாக இருந்த ஹார்மோனிகாவைக் குழுவின் முன்வரிசைக்குக் கொண்டுவந்தார். அவர் சிகாகோவில் புகழோடு இருக்கும்போதே, 1941-இல் ஆர்கன்சாவின் ஹெலினா ஊர் வானொலியில் அலெக் மில்லர் என்பவர் அதே பெயரில் வாசிக்கத் தொடங்கினார். நிகழ்ச்சியை நடத்தியது ஒரு மாவு நிறுவனம். சோளமாவுப் பையில்கூட ‘சன்னி பாய்’ என்று போட்டு அவர் படத்தை அச்சடித்து விற்றது.

1948-இல் இரவு வீடு திரும்பும்போது ஜான் லீ தாக்கப்பட்டு இறந்தார். வயது 34. மில்லர் தன் முதல் இசைத்தட்டைப் பதிவு செய்தது 1951-இல். அதன்பிறகு ஐரோப்பா வரை போய் வாசித்து, 1965-இல் இறந்தார். அசல் சன்னி பாய் தானே என்று அவர் சொல்லிக்கொண்டதும் உண்டு. மில்லர் மாபெரும் கலைஞர், அதில் எனக்கு ஐயமே இல்லை. இரவல் பெயர் இல்லாமலும் அவர் நின்றிருப்பார். ஆனால் 34 வயதில் போய்ச்சேர்ந்த ஒருவரின் உழைப்பு இன்னொருவர் கணக்கில் ஏறுவது அநியாயம். இன்று முதலாம், இரண்டாம் என்று எண் போட்டுப் பிரிக்கிறார்கள். கேட்பவருக்கு ஓர் எளிய வழி இருக்கிறது: பதிவான ஆண்டைப் பாருங்கள். 1948-க்கு முன் என்றால் ஜான் லீ, 1951 முதல் என்றால் மில்லர்.

பெயர் ஏற்கெனவே ஒருவரிடம் இருப்பதை அறிந்து விலகிக்கொண்டவர்களும் உண்டு. ‘ஹார்மோனிகா ஸ்லிம்’ என்று வாசித்துக்கொண்டிருந்த ஜேம்ஸ் மூர், அதே பெயரில் வேறொருவர் இருந்ததால் சொல்லைத் திருப்பிப் போட்டு, ஹார்மோனிகாவின் பேச்சுப்பெயரான ‘ஹார்ப்’பை வைத்து ‘ஸ்லிம் ஹார்ப்போ’ ஆனார். ஆங்கிலேயப் பாடகர் டேவிட் ஜோன்ஸ், மங்கீஸ் என்ற பாப் குழுவின் டேவி ஜோன்ஸோடு குழம்பக்கூடாது என்று டேவிட் போவி ஆனார்.

விலகாவிட்டால் வழக்கு வரும். 2020-இல் லேடி ஆன்டிபெல்லம் என்ற அமெரிக்க ‘கன்ட்ரி’ இசைக்குழு தன் பெயரை ‘லேடி ஏ’ என்று சுருக்கிக்கொண்டது. சியாட்டிலில் அனிதா ஒயிட் என்ற புளூஸ் பாடகி பல ஆண்டுகளாக அந்தப் பெயரில்தான் பாடிவந்தார். இரு தரப்பும் மாறிமாறி நீதிமன்றம் போய், 2022-இல் சமரசம் ஆனது. இதில் என் மனம் பாடகியின் பக்கம்தான். பெரிய குழு ஒன்று அதே பெயரோடு வந்துவிட்டால், தேடுகிறவர் கண்ணில் முதலில் படுவது அந்தக் குழுதானே.

சரி, இப்படி ஒரே பெயர் கொண்டவர்களைத் தமிழில் என்னவென்று சொல்வது? தொல்காப்பியம் ‘வேறுபொருள் குறித்த ஒருசொல்’ என்று ஒரு வகை காட்டுகிறது. அது திரிசொல்லுக்குச் சொன்னது, ஆட்களுக்கு அல்ல. ஆட்களுக்குப் ‘பெயரொத்தவர்’ என்பது போதும், கேட்டதும் புரிகிறது. இசைத்தட்டுப் பட்டியல் தளமான டிஸ்காக்ஸ், பெயரொத்தவர்களுக்கு அடைப்புக்குள் 2, 3 என்று எண் கொடுக்கிறது. படைப்பாளிகளுக்கென 16 இலக்கப் பன்னாட்டு அடையாள எண் ஒன்றும் இருக்கிறது. கட்டுரை எழுதுகிறவருக்கு அத்தனை தேவையில்லை. முதல் முறை வரும்போது கருவியையோ ஊரையோ சேர்த்து ‘குழல் டி. ஆர். மகாலிங்கம்’, ‘தென்கரை டி. ஆர். மகாலிங்கம்’ என்று எழுதிவிட்டு, அப்புறம் சுருக்கிக்கொள்ளலாம்.