குயில்ட் தைப்பவர்களுக்கு இரண்டாவது மெஷின்: வாங்கும் முன் கொஞ்சம் கவனியுங்கள்

தீபாவளிக்கும் ஹரிராயாவுக்கும் முந்தின வாரங்களில் என் பட்டறையில் கால் வைக்க இடம் இருக்காது. பினாங்கில் தையல் மெஷின் பழுதுபார்ப்பதுதான் என் தொழில். அந்த நேரத்தில் மெஷினைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள், என்ன கோளாறு என்று சொல்வதற்கு முன்பே, "அண்ணே, இது சரியாகிற வரைக்கும் ஓட்டுறதுக்கு ஒரு மெஷின் இருந்தா கொடுங்களேன்" என்பார்கள். ரவிக்கை தைப்பவர்களாவது பக்கத்து வீட்டு மெஷினில் சமாளித்துக்கொள்வார்கள். குயில்ட் என்பது சின்னச் சின்னத் துணித் துண்டுகளை இணைத்து, நடுவில் பஞ்சு அடுக்கு வைத்துத் தைக்கும் போர்வை. அதற்கு இது சரிப்படாது, பாதி இணைத்த துண்டுகளை வேறொரு மெஷினில் தொடர்ந்தால் அளவே மாறிப்போகும்.

அதனால் இப்போது பலர் முன்கூட்டியே இரண்டாவது மெஷின் ஒன்று வாங்கி வைக்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் வாங்கி முடித்த பிறகுதான் என்னிடம் கொண்டுவந்து காட்டுகிறார்கள்.

முதலில் கரண்ட். ஜப்பானிலிருந்து கப்பலில் வரும் பழைய சாமான்களை விற்கும் கடைகள் இங்கே நிறைய, அதில் மெஷின்களும் வரும், பார்த்தால் புத்தம் புதுசு போல இருக்கும், விலையும் குறைவு. அவை 100 வோல்ட் மெஷின்கள். நம் வீட்டில் வருவது 230 வோல்ட். அப்படி ஒன்றைப் பிறையிலிருந்து ஓர் அக்கா கொண்டுவந்தார். "பிளக்கை மாத்தித்தான் அண்ணே போட்டேன், பெடலை மிதிச்சதும் கருகின வாசனை." பிளக் அடாப்டர் செருகும் கம்பியின் வடிவத்தைத்தான் மாற்றும், உள்ளே போகிற கரண்ட் அதேதான். 2.3 மடங்கு வோல்ட் ஏறினால் சூடு ஐந்து மடங்குக்கு மேல் ஏறும், உள்ளே இருக்கும் எந்த எலக்ட்ரானிக் போர்டு தாங்கும்? மெஷினின் அடியிலோ, ஒயர் செருகும் இடத்துக்குப் பக்கத்திலோ ஒரு சின்னத் தகடு இருக்கும், அதில் வோல்ட் எழுதியிருக்கும். பணம் கொடுக்கும் முன் அதைப் படியுங்கள். 100 என்று இருந்தால் அதற்கென்றே 100 வோல்ட் தரும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், அந்தச் செலவையும் கூட்டிப் பார்த்தால் பல நேரம் இங்கேயே புதிய மெஷின் வாங்கியிருக்கலாம் போலிருக்கும்.

அப்புறம் தையல் வகை. இருநூறு டிசைன் என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். துண்டுகளை இணைக்க வேண்டியது நேர்த்தையல் ஒன்றுதான். அதை ஒழுங்காக, இழுக்காமல், தாண்டாமல் போட்டால் இரண்டாவது மெஷின் தன் வேலையைச் செய்துவிட்டது. டிசைன் தையலுக்குத்தான் பெரிய மெஷின் இருக்கிறதே.

நான் அதிகம் பார்க்கச் சொல்வது கால் அங்குல ஓரத்தை. குயில்ட்டில் தையலுக்கு விடும் ஓரம் கால் அங்குலம், அதாவது 6.35 மில்லிமீட்டர். ஃபுட் என்பது ஊசிக்குக் கீழே துணியை அழுத்திப் பிடிக்கும் பாகம். இரண்டு மெஷினிலும் 'கால் அங்குல ஃபுட்' மாட்டியிருந்தாலும், ஊசி விழும் இடம் ஒரு நூலிழை தள்ளி இருக்கலாம். வித்தியாசம் 32-ல் ஒரு பங்கு அங்குலம் என்றே வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு தையலிலும் இரண்டு பக்கத் துணியும் அந்த அளவுக்கு உள்ளே போகும். எட்டுத் துண்டுகளை வரிசையாக இணைத்தால் ஏழு தையல். கணக்குப் போட்டுப் பாருங்கள், வரிசையின் நீளத்தில் கிட்டத்தட்ட அரை அங்குலம் காணாமல் போயிருக்கும். பழைய வரிசையோடு புதிய வரிசையைச் சேர்க்கும்போது மூலைகள் ஒன்றோடொன்று உட்காராது, நாம் துணியை வெட்டியது சரியில்லையோ என்று நம்மையே திட்டிக்கொள்வோம்.

சோதிப்பது சுலபம். ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று பட்டைகளை வெட்டி, பக்கம் பக்கமாக இணைத்து, அயர்ன் செய்து, நடுப்பட்டையை அளந்து பாருங்கள். சரியாக ஓர் அங்குலம் வர வேண்டும். வராவிட்டால் ஊசிக்குக் கீழே இருக்கும் பிளேட்டின் மேல் டேப் ஒட்டி, அதையே வழிகாட்டியாக வைத்துச் சரிசெய்யலாம். ஆனால் ஒரே வேலைக்கு இரண்டு மெஷினையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் முன் இந்தச் சோதனையை இரண்டிலும் செய்துவிடுங்கள்.

ஃபுட் மாட்டும் தண்டின் உயரமும் பாருங்கள். வீட்டு மெஷின்கள் பெரும்பாலும் லோ ஷாங்க், அதாவது குட்டைத் தண்டு, ஃபுட்டின் அடியிலிருந்து திருகு வரை ஏறத்தாழ முக்கால் அங்குலம். உங்கள் பெரிய மெஷினும் அதே வகையாக இருந்தால் அடுக்குத் துணியை மேலிருந்தும் சேர்த்து நகர்த்தும் வாக்கிங் ஃபுட்டை இரண்டுக்கும் வைத்துக்கொள்ள முடியலாம், ஒரு செலவு மிச்சம். சிங்கரின் சில பழைய மாடல்களில் தண்டு சாய்வாக இருக்கும், மற்ற ஃபுட் எதுவும் அதில் சேராது. கீழ்நூல் சுற்றும் பாபினும் அப்படித்தான். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், உயரம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மாறினாலே கீழ்நூல் சிக்கிக்கொண்டு பறவைக் கூடு கட்டும்.

சரி, குறைந்த செலவில் எதை வாங்கலாம்? என் ஓட்டு பழைய கறுப்புத் தலை மெஷினுக்கு. அந்தக் காலத்தில் தவணைக்கு வாங்கிய சிங்கரோ, சீனாவில் செய்த பட்டர்ஃபிளையோ, நம் பாட்டிமார் வீடுகளில் இன்னும் மூலையில் துணி மூடிக் கிடக்கிறது. நேர்த்தையல் மட்டும் போடும். அதன் பிளேட்டில் ஊசிக்குச் சின்ன வட்டத் துளை மட்டுமே இருப்பதால் துணியின் முனை உள்ளே இழுபடாது, ஜிக்ஜாக் மெஷினின் அகலத் துளையில்தான் முக்கோணத் துண்டுகளின் மூலை மாட்டும். பெரும்பாலானவற்றில் இப்போது கடையில் கிடைக்கும் சாதாரண ஊசியே சேரும். கால்மிதி என்றால் கரண்ட் இல்லாவிட்டாலும் ஓடும். சிங்கர் ஃபெதர்வெயிட்தான் வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். 1933-ல் வந்த மாடல், ஐந்து கிலோதான் கனம், தைப்பதும் அழகு. ஆனால் சேகரிப்பவர்கள் அதன் விலையை ஏற்றிவிட்டார்கள், குறைந்த செலவு என்ற பேச்சு அதோடு முடிந்தது.

லோரோங் கூலிட் சந்தையில் இப்படி ஒரு கறுப்புத் தலையைக் கண்டால் பளபளப்பைப் பார்க்காதீர்கள். வீலைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பிடித்தால் உள்ளே ஏதோ இடிக்கிறது. எல்லா இடத்திலும் ஒரே சீராகக் கனமாக இருந்தால் பயப்பட வேண்டாம், எண்ணெய் இறுகியிருக்கும். நம் வீடுகளில் மெஷின் எண்ணெய் தீர்ந்துவிட்டால் தேங்காய் எண்ணெயை விடும் பழக்கம் உண்டு. அது நாளாக ஆக பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும், மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி எடுப்பதற்குள் எனக்கு ஒரு பொழுது போய்விடும். அடுத்து பிளேட்டுக்குக் கீழே இருக்கும் பற்களை விரலால் தடவுங்கள், கூர் தெரிய வேண்டும். மழுங்கியிருந்தால் மூன்று அடுக்குத் துணியை நகர்த்தாது. மோட்டார் வைத்ததாக இருந்தால் ஒயரின் தோல் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள், வெடித்திருந்தால் அந்த இடத்தில் பிளக்கில் செருகிப் பார்க்கக்கூட வேண்டாம்.

கடையில் வாங்கினாலும் அவர்கள் கொடுக்கும் விறைப்பான ஒற்றைத் துணியில் தைத்துப் பார்த்து ஏமாறாதீர்கள், அதில் எல்லா மெஷினும் நன்றாகத்தான் தைக்கும். மேல்துணி, நடுவில் பேட்டிங் என்ற பஞ்சு அடுக்கு, அடித்துணி என்று உங்கள் சொந்த அடுக்கைப் பையில் எடுத்துப் போங்கள். ஒரு ஜாண் நீளம் தைத்துத் திருப்பி, கீழ்ப்பக்கத் தையலைப் பாருங்கள்.

இணையத்தில் ஐம்பது, அறுபது வெள்ளிக்கு வரும் பொம்மை அளவு மெஷின்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வாங்காதீர்கள். மூடிய ஆலைகளிலிருந்து வரும் தொழிற்சாலை மெஷின் நல்ல சரக்குதான், ஆனால் மேசையோடு சேர்த்து அதை ஃபிளாட்டின் மாடிக்கு யார் ஏற்றுவது? ஊசியும் ஃபுட்டும் வேறு.

கம்ப்யூட்டர் மெஷினையே இரண்டாவதாகவும் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், நம் ஊர் இடியை மனதில் வையுங்கள். சாயங்கால மழைக்கு முன் பிளக்கைக் கழற்றிவிடுங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. போர்டு போனால் அதன் விலைக்குச் சில நேரம் இன்னொரு சாதாரண மெஷினே கிடைக்கும்.

வாங்கியதைப் பிளாஸ்டிக் பையில் கட்டி அலமாரிக்குள் வைத்துவிடாதீர்கள், இந்த ஈரக்காற்றில் உள்ளே வேர்த்துத் துருப்பிடிக்கும். பருத்தித் துணியால் மூடுங்கள். மாதம் ஒரு முறையாவது இரண்டு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டு, பழைய துணியில் கொஞ்ச நேரம் ஓட்டுங்கள், எண்ணெய்க் கறை நல்ல துணியில் இறங்காமல் இருக்கும்.