காலாவதித் தேதி இல்லாத சட்டங்கள்

உலகின் விசித்திரச் சட்டங்கள் என்று கைபேசியில் சுற்றிவரும் பட்டியல்களைக் கட்சிக்காரர்கள் வழக்கறிஞரான என்னிடம் காட்டி, இவையெல்லாம் இன்னுமா நடைமுறையில் இருக்கின்றன என்று சிரித்துக்கொண்டே கேட்பதுண்டு. அவற்றுள் பல, மூலச் சட்டத்தைத் தேடினால் அகப்படாத கட்டுக்கதைகள். எஞ்சியவை சிரிப்புக்குரியவை அல்ல. ஏனெனில் ஆங்கிலேய மரபைப் பின்பற்றும் நாடுகளில், பொதுவாக, ஒரு சட்டம் பயன்படாமல் கிடந்த காரணத்தால் மட்டும் உயிரிழப்பதில்லை. சட்டமன்றம் அதை நீக்கவேண்டும், அல்லது நீதிமன்றம் செல்லாதென்று அறிவிக்கவேண்டும்.

இங்கிலாந்தில் 1817-இல் கொலை வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்ட ஆப்ரஹாம் தார்ன்டன் மீது, இறந்த பெண்ணின் சகோதரர் பழைய முறையொன்றின்படி மீண்டும் குற்றம் சாட்டினார். தார்ன்டனோ அதைவிடப் பழைய முறையைக் கையிலெடுத்தார்: நீதிமன்றத்திலேயே கையுறையைக் கழற்றி எறிந்து, எதிராளியுடன் பொருதியே வழக்கைத் தீர்த்துக்கொள்வதாக அறிவித்தார். அந்த உரிமையை எவரும் நீக்கியிருக்கவில்லை என்பதால் நீதிபதிகள் 1818-இல் அதை ஏற்க நேர்ந்தது; சகோதரர் சண்டையிட முன்வராததால் தார்ன்டன் விடுதலையானார். நாடாளுமன்றம் விழித்துக்கொண்டு இரு முறைகளையும் ஒழித்தது 1819-இல்தான்.

அண்மைக்காலமும் வேறல்ல. அமெரிக்காவின் அரிசோனா ஒரு மாநிலமாவதற்கு 48 ஆண்டுகள் முன்பே, 1864-இல் இயற்றப்பட்ட கருக்கலைப்புத் தடைச் சட்டம் இன்றும் அமலாக்கத்தக்கதே என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. அதை நீக்கும் சட்டம் அடுத்த மாதமே அவசரமாக நிறைவேறியது. டென்மார்க்கில் 1946-க்குப் பின் எவரும் தண்டிக்கப்படாத மத நிந்தனைப் பிரிவின் கீழ் 2017-இல் ஒருவர் மீது குற்றம் சாட்டப்பட்ட பிறகே, அந்தப் பிரிவு அதே ஆண்டில் நீக்கப்பட்டது. யாரோ ஒருவர் சிக்கிக்கொண்ட பிறகுதான் சட்டமன்றங்களுக்குத் துடைப்பம் நினைவுக்கு வருகிறது என்பது என் எண்ணம்.

பழைய சொற்கள் புதிய பொருள்களையும் பிடித்துக்கொள்ளும். குடிபோதையில் வண்டியையோ கால்நடையையோ நீராவி இயந்திரத்தையோ சாலையில் கொண்டுசெல்வதைக் குற்றமாக்கும் இங்கிலாந்தின் 1872-ஆம் ஆண்டுச் சட்டத்தில் மிதிவண்டி என்ற சொல்லே கிடையாது. ஆயினும் போதையில் மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு சென்ற ஒருவரின் வழக்கில், அதுவும் ‘வண்டி’யே என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நீக்கப்பட்ட சட்டம் என்று தெரிந்ததும் நிம்மதியடைபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: நீக்கத்திற்கு முன் நடந்த செயலுக்கான வழக்கு, நீக்கத்தோடு தானாகவே முடிந்துவிடாது. இந்தியாவில் 1897-ஆம் ஆண்டின் பொது விதிகள் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, நீக்கும் சட்டம் வேறுவிதமாகச் சொல்லாதவரை, பழைய பொறுப்புகளைக் காப்பாற்றி வைக்கிறது.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. இணையத்தில் புண்படுத்தும் செய்திகளை அனுப்புவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை இந்திய உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சில் ரத்துசெய்தது. அதன் பிறகும் காவல் நிலையங்கள் அதே பிரிவில் வழக்குப் பதிவதைக் கண்டு 2021-இல் நீதிமன்றம் அதிர்ச்சி தெரிவித்தபோது, அரசுத் தரப்பு தந்த விளக்கம் எளிமையானது: புத்தகத்தில் அந்தப் பிரிவு முழுமையாக அச்சாகியிருக்கிறது, ரத்தான செய்தி அடிக்குறிப்பில் இருக்கிறது. ஆகவே பிரிவு எண்ணுடன் ஓர் அறிவிப்பு வந்தால், பதில் எழுதுவதற்கு முன் அப்பிரிவின் இன்றைய வாசகத்தை அடிக்குறிப்போடு சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.